ஒரு சட்டி, ஆறு கரண்டி

சுவேக்கா,
வலென்சியா ஜில்லா, ஸ்பெயின்.
4-9-1971

அன்புள்ள இளையபெருமாளுக்கு,

என் அப்பாவைக் காட்டிக் கொடுத்தது நீ. யாரிடமும் காட்டாதே என்று எழுதி நான் அனுப்பிய போட்டோவைச் விவசாயத் தொழிலாளர் சங்கக் கொட்டகைத் தட்டியில் ஒட்டி வைத்தது நீ. மறுத்து எழுதாதே. பசை தடவி ஒட்டினாயா, ஆணி அடித்தாயா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியாது.

நான் இங்கு நலம். அங்கு அப்பாவும் அம்மாவும் நலமா என்று வழக்கம்போல எழுதக் கை வரவில்லை. கேட்டால் இல்லை என்று பதில் வந்துவிடுமோ என்று இருக்கிறது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நேற்று சந்தானகிருஷ்ணனுக்கு அவன் அப்பா சிவசங்கரய்யரிடமிருந்து கடிதம் வந்தது. அரசாங்கம் நெல் பயிற்சிக்கு அனுப்பிய நாலு பேரில் நம் ஊர் ஆள் இரண்டு பேர். மிராசுதார் மகன் விவசாய ஆபீசர், பண்ணையாள் மகன் கிராம சேவக். ஊரில் அவன் தெருவில் நான் செருப்புப் போட்டு நடந்ததில்லை. இங்கே அவன் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். உனக்கு எழுதும்போது அவன் இவன் என்கிறேன். நேரில் இன்னும் சார்தான்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவன் என் அறைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது. ஒரு பாராவை மட்டும் வாசித்துக் காட்டினான். படம் கொட்டகையில் தொங்குகிறது, அக்ரகாரம் முழுக்கப் பேச்சாகிவிட்டது, வைரக்கண்ணுவைக் கூப்பிட்டு விசாரித்தேன், 'எம் மவன் அப்படிச் செஞ்சிருக்க மாட்டான் ஆண்டே' என்று காலில் விழுந்தான் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னும் ஒரு பக்கம் இருந்தது. அதை அவன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது இளையபெருமாள்?

படம் எடுத்த கதையை உனக்குச் சரியாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், நீ எதை ஒட்டினாய் என்று தெரியட்டும். நடவு முடிந்த ஞாயிற்றுக்கிழமை. இங்கே நடவு நடுவது ஆம்பிளைகள். இடுப்பளவு நனைந்து, பின்பக்கமாகவே நகர்ந்து நடுகிறார்கள். எங்களுக்கு வேலை பழக்கும் விசென்தே ஒரு குத்தகைக்காரர். நிலத்துக்குச் சொந்தக்காரர் பட்டணத்தில் கிளப்பில் உட்கார்ந்திருக்கிறார், அறுப்புக்கு மட்டும் காரில் வருவார். இதில் மட்டும் நான் வெளிநாட்டில் இருப்பதாகவே தோன்றவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர் வந்தது. மண்கூஜா, பக்கவாட்டில் ஒரு மூக்கு. யார் வாயும் அதில் படவில்லை. ஒவ்வொருவரும் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து ஊற்றிக் குடித்தார்கள். இங்கேயுமா, இத்தனை கடல் தாண்டி வந்தும் இதேதானா என்று நினைத்தேன். கூஜா என்னிடம் வந்தபோது அதை நான் வாங்கவில்லை. குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாய்க்கு நேரே வைத்துக்கொண்டேன். விசென்தே, நான் முகம் கழுவத் தண்ணீர் கேட்பதாக நினைத்துக் கையில் ஊற்றினார். எல்லாரும் சிரித்தார்கள். சந்தானகிருஷ்ணன் சிரிக்கவில்லை. அவனுக்குத் தெரியும். அவன் வீட்டுக் கொல்லையில் நான் அப்படித்தான் குடித்திருக்கிறேன். அவனுக்கு முறை வந்தபோது ஒரு சொட்டு சிந்தாமல் அண்ணாந்து குடித்தான். வெளியூர்க்காரனுக்கு இது எப்படி வந்தது என்று கை தட்டினார்கள்.

அப்புறம் சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். வண்டிச் சக்கரம் அகலம், விரல் உயரம்தான் இருக்கும். ஆரஞ்சு மரக் கட்டையில் வெந்த சோறு. முயல், நத்தை, அவரைப் பருப்பு எல்லாம் அதில். தட்டு கிடையாது. சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு மரக்கரண்டியால் தன் எதிரே உள்ள பங்கைத் தின்ன வேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தின்றுகொண்டே போவார்கள். நான் எழுந்து வரப்புக்குப் போய் உட்கார்ந்தேன். மிச்சம் வந்தால் தருவார்கள் என்று. விசென்தேயின் மனைவி அம்பாரோ வந்து, கோபமாக என்னவோ சொல்லி, கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். காலியாக இருந்த இடம் சந்தானகிருஷ்ணனுக்குப் பக்கத்தில். அவன் கறியை ஒதுக்கிவிட்டுப் பருப்பையும் சோற்றையும் தின்றுகொண்டிருந்தான். ஒதுக்கிய கறி என் பங்கின் எல்லையில் கிடந்தது. எடுத்துத் தின்றேன். அப்போதுதான் விசென்தேயின் மருமகன் தன் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தான்.

ஒரு சட்டி, ஆறு கரண்டி. அவ்வளவுதான் அந்தப் படம். நம் ஊரில் அது எவ்வளவு பெரிய படம் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

குடியிருப்பு பட்டாவுக்கு அப்பா மனுக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது. மனை தன்னுடையது என்று ஐயர் ஆட்சேபணை எழுதியிருக்கிறார். விசாரணைக்கு ஆள் வரும்போது அப்பா அந்தக் குடிசையில் இருந்தாக வேண்டும். சட்டம் போட்டவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். ஐயரின் காரியக்காரர் கண்ணுசாமி நம் தெரு முனையில் இருக்கிறார். படத்தைக் கிழித்து எடு. அப்பா எப்படி இருக்கிறார் என்று உடனே எழுது.

உன்,
துரைக்கண்ணு


சுவேக்கா,
29-9-1971

அன்புள்ள இளையபெருமாளுக்கு,

பதில் இல்லை. தபால் தாமதம் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சந்தானகிருஷ்ணனுக்கு வாரம் தவறாமல் வருகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். போன வாரம் அவன் ஒரு தாளோடு வந்தான். எழுதியே கொண்டுவந்திருந்தான். அந்தப் படம் வேடிக்கைக்காக இரண்டு படத்தை வெட்டி ஒட்டியது, சின்ன ஐயா என்னோடு ஒரு பாத்திரத்தில் சாப்பிடவில்லை, ஊரில் பெருமை அடிக்க நான் செய்த காரியம், மன்னிக்கவும் என்று இருந்தது.

"நான் சொன்னா அப்பா கேப்பார். நீ மொதல்ல இதக் குடு. ஒங்க அப்பா மனைல யாரும் கை வைக்க மாட்டா" என்றான்.

கீழே கையெழுத்துப் போட்டேன். யோசிக்கவில்லை. வீரம் பேசுவதற்கு நான் ஆறாயிரம் மைல் தள்ளி இருக்கிறேன். அடி விழுந்தால் விழப்போவது அப்பா முதுகில். அந்தத் தாளை ஊரில் வாசித்தால் மறுத்துப் பேசாதே. கொட்டகையில் நீ கேவலப்பட்டாலும் பரவாயில்லை.

அது முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தட்டுக் கேட்டு வாங்கித் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். விசென்தே காரணம் கேட்டார். அவருக்கு உடம்பு சரியில்லை என்று நானே சொன்னேன். பொய் சொல்வதற்குப் போதுமான ஸ்பானிஷ் எனக்கு வந்துவிட்டது.

இந்த ஊரைப் பற்றிக் கேட்பாய். நம் ஊரில் களையென்று பிடுங்கி வரப்பில் வீசும் கோரை இருக்கிறதே, அதே சாதியில் ஒன்றின் கிழங்கை இங்கே பயிர் செய்து, அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரை போட்டுக் கடையில் விற்கிறார்கள். வெயில் நேரத்தில் ஊரே கதவை அடைத்துத் தூங்குகிறது. இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு. எல்லாவற்றிலும் எண்ணெய், எல்லாவற்றோடும் ரொட்டி. தன் அப்பா காலத்தில் இந்தச் சட்டியில் வயல் எலியும் போடுவோம் என்று விசென்தே பெருமையாகச் சொன்னார். நான் சந்தானகிருஷ்ணனைப் பார்த்தேன். எலி தின்னிகள் என்று நம்மைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டவர்களில் அவனும் ஒருத்தன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் இவர்களும் பயந்தவர்கள். பளபளக்கும் கறுப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர்கள் இரண்டு இரண்டு பேராகச் சைக்கிளில் போவார்கள். அவர்கள் தெருவைக் கடக்கும் வரை விசென்தே பேச்சை நிறுத்திவிட்டுச் சுருட்டைப் பற்றவைப்பார். ஒரு நாள் அம்பாரோ ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொன்னாள். உள்நாட்டுச் சண்டை முடிந்த வருஷம் விசென்தேயின் அண்ணனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். நிலம் உழுகிறவனுக்கு என்று பேசினவராம். செத்தார் என்று யாரும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருஷம். அவர் பேரை மட்டும் அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்.

எனக்கு ஒரு மாதமே தாங்கவில்லை. அப்பா நலம் என்று ஒரு வரி. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உன்,
துரைக்கண்ணு


சுவேக்கா,
24-10-1971

இளையபெருமாளுக்கு,

தந்தி கொடுத்தேன். அதற்கும் பதில் இல்லை. அப்பாவுக்கு எழுதினாலும் நீதான் படித்துக் காட்ட வேண்டும். எனக்கு அந்த ஊரில் வேறு கண் கிடையாது, உனக்கே தெரியும்.

இங்கே அறுப்பு முடிந்தது. முடிந்ததும் வயலிலேயே வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். மாட்டுக்கு வைப்பதில்லை. எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சாயந்தரம் ஜன்னலைத் திறந்தால் அடிவானம் முழுக்கப் புகை. கீழே நெருப்பு வரிசையாக ஓடுகிறது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே ஆள் இருக்கா, உள்ளே ஆள் இருக்கா என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன். வெண்மணி நடந்து மூன்று வருஷம் இன்னும் முடியவில்லை. விசென்தே என்னைப் பிடித்து நிறுத்தி, வைக்கோல், வெறும் வைக்கோல் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அம்பாரோ என் காலில் பட்ட சூட்டுக்கு எண்ணெய் தடவினாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை சந்தானகிருஷ்ணனுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. வாசலில் நின்றே படித்தான். மேலே போனவன் சாப்பிட இறங்கி வரவில்லை. என்ன சார் சேதி என்று கேட்டேன். ஒன்றுமில்லை, ஊரில் மழை என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

இன்று ஞாயிறு. சட்டி வந்ததும் அவன் தட்டுக் கேட்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கரண்டியை எடுத்தான். தன் பங்கிலிருந்த பருப்பை, அவன் சாப்பிடுவதே அது ஒன்றுதான், கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் தள்ளினான்.

"சாப்பிடு துரை" என்றான்.

முப்பது வருஷத்தில் அந்தக் குடும்பத்திலிருந்து எனக்கு வந்த முதல் உபசாரம். அப்புறம் மண்கூஜாவை எடுத்து, முதலில் என்னிடம் நீட்டினான். அவன் திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். என்னைப் பார்த்து அவன் ஏன் இரங்குகிறான்? எதற்காக அவன் என் முன்னால் தலை குனிய வேண்டும்? கடிதத்தைக் காட்டுங்கள் சார் என்று கேட்டேன். கிழித்துப் போட்டுவிட்டேன் என்றான். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். என் கையை அவன் தட்டிவிடக்கூட இல்லை.

உன்னைத் திட்டி எழுதிய முதல் கடிதத்தை நினைத்துக்கொள்கிறேன். உண்மையை எழுதிவிடுகிறேன், இனி எழுத முடியுமோ முடியாதோ. யாரிடமும் காட்டாதே என்று நான் எழுதியது ஒப்புக்கு. நீ காட்டுவாய் என்று தெரியும். ஒட்டுவாய் என்றும் தெரியும். அதற்காகத்தான் அம்மாவுக்கு அனுப்பாமல் உனக்கு அனுப்பினேன். அக்ரகாரம் அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டவன் பத்திரமான இடத்தில் இருந்துகொண்டேன். ஆகவே என் மேல் கோபத்தில் நீ பதில் போடாமல் இருந்தால், கோபம் நியாயம். ஆனால் பதில் போடு. நீயும் பத்திரமாக இருந்தால் போடு.

நலம் என்று நீ எழுதினாலும் இனி நம்ப மாட்டேன். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதுவாய். வேறு யாராவது உன்னை எழுத வைத்தாலும் எழுதுவாய். நான் எழுதிக் கொடுக்கவில்லையா?

அதனால் ஒன்று செய். வெள்ளைத் தாளில் அப்பாவின் கட்டைவிரலை உருட்டி எடுத்து அனுப்பு. பட்டா மனுவில் மை தடவி அந்த விரலை உருட்டினவன் நான்தான். எத்தனை விரலுக்கு நடுவிலும் அதைக் கண்டுபிடித்துவிடுவேன். இடது கை. அறுப்பில் கருக்கரிவாள் பட்ட இடத்தில் ரேகைக்கு நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு விழும். மை புதிதாக இருக்க வேண்டும். தாளின் ஓரத்தில் தேதி போடு. எழுத்து ஒன்றும் வேண்டாம்.

அந்த விரலை எனக்கு அனுப்பு, இளையபெருமாள்.

இப்படிக்கு,
வைரக்கண்ணு மகன்
துரைக்கண்ணு