புகை உண்டு

வடசேரி,
12.6.2024

அன்புள்ள தங்கச்சி ஜெபகனிக்கு,

ஞானசிங் அண்ணன் எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீயும் மகள் ஜினியும் சுகமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உன் வீட்டுக்காரன் தங்கையனை மண்ணில் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அடக்கத்துக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டு, ஜெபம் முடியுமுன் திரும்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

எஸ்டேட் மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். ரப்பர் ஷீட்டைப் பூஞ்சை பிடிக்காமல் புகையில் உலர்த்தும் அந்தப் புகைப்புரையில் நான் இருபத்தெட்டு வருடம், தங்கையன் இருபத்திரண்டு வருடம் தீ போட்டோம். இன்றும் காலையில் துப்பினால் எனக்குச் சளியில் கறுப்பாகத்தான் வருகிறது. அவனுடைய சோற்றுப் பாத்திரமும் வேர்வை துடைக்கிற துவர்த்தும் என்னிடம் இருக்கின்றன, மழை விட்டதும் கொடுத்தனுப்புகிறேன். போனில் மூன்று தடவை கூப்பிட்டு, நீ எடுக்குமுன் நானே வைத்துவிட்டேன். கோபப்படாதே.

உன் அண்ணன்,
ஞானசிங்

----

பூதப்பாண்டி,
20.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்ல ஆள்தான் நீங்கள்! வடசேரியில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம். அதற்கு ஐந்து ரூபாய் தபால்தலை ஒட்டி எழுதுகிறீர்கள். நேரில் வந்திருந்தால் ஒரு கட்டன்சாயாவாவது போட்டுத் தந்திருப்பேன்.

அவருடைய சட்டைகளை மூன்று தடவை அலசிவிட்டேன், கறுப்பு போகவில்லை. கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையின் காலரிலும் அதே கறுப்புதான். தலையணைக்குள் பஞ்சு வரை கரி. இத்தனை வருடம் புகைப்புரைக் கரி என்று நம்பித் துவைத்தேன் அண்ணா. அந்த வாசத்துக்குள்ளே அவர் பீடியை ஒளித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். "புகைப் பழக்கம்: உண்டு. இருபது வருடத்துக்கு மேல்." இதைப் பார்த்த அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். ஐந்து வாரம், சோற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவேன். போதகர் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். கோயிலில் அவர் காணிக்கைப் பை எடுக்கிற வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பீடி குடித்ததே இல்லை என்றுதான் கடைசிவரை சொன்னார். "ஞானசிங்குட்ட கேளு, அவன் சொல்லுவான்" என்றார். கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? போனில் நீங்கள், "விடு தங்கச்சி, சாவக் கெடக்கவன்கிட்ட இதெல்லாம் எதுக்குக் கேக்க" என்றீர்கள். உண்டு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இன்னும் கல்லறைக்குப் போகவில்லை. பொய் சொன்ன ஆளிடம் போய் என்ன பேச? எங்கே குடிப்பார், யாரோடு குடிப்பார் என்று உள்ளதை எழுதுங்கள். தெரிந்துகொண்டு மன்னித்துவிடுகிறேன். மன்னிக்காமல் எனக்குத் தூக்கம் இல்லை.

தங்கச்சி,
ஜெபகனி

----

வடசேரி,
2.7.2024

ஜெபகனிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

தங்கையன் ஒரு பீடிகூடக் குடித்ததில்லை. மார்ச் மாதம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அவனைக் கூட்டிப் போனேன். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, அவனால் பேச முடியவில்லை. நர்ஸ் பிள்ளை சீட்டு எழுதியபடியே, "புகை உண்டா?" என்று கேட்டது. நான் புகைப்புரையை நினைத்து, "உண்டு" என்றேன். "எத்தன வருசமாட்டு?" என்றது. "இருபது வருசத்துக்கு மேல" என்றேன். அந்த நிமிடம் வரை அது பிசகுதான்.

பிறகு டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு அவனைத் திட்டினார், "இனி பீடியத் தொட்டா ஆளு தங்காது." தங்கையன் என் முகத்தைப் பார்த்தான். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். பாவி நான்.

பீடி இல்லை என்றால் எந்தப் புகை என்று டாக்டர் கேட்பார். போன மழைக்கு விறகு காயாமல் கிடந்தபோது, பழைய டயர்த் துண்டையும் கிழிந்த செருப்பையும் போட்டுத் தீ பிடிக்க வைக்கச் சொன்னது நான். முதலாளிக்குக்கூடத் தெரியாது. அறை முழுக்கக் கறுப்பாகப் புகையும். அவன் இருமிக்கொண்டே உள்ளே போய் ஷீட்டைத் திருப்பிப் போடுவான். ஷீட்டில் கரி படிந்தால் தரம் குறையுமென்று ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைக்கவைத்தேன். அவன் நெஞ்சில் படிந்ததை நான் நினைக்கவே இல்லை.

அந்தப் பயத்தில்தான் வாயை மூடினேன். நீ போன் செய்தபோதும் அதே பயம்தான். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. மன்னித்துவிடு ஜெபகனி.

ஞானசிங்

----

பூதப்பாண்டி,
9.7.2024

ஞானசிங் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அடுக்களையில் நின்றபடியே வாசித்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. ஜினி வந்துதான் கேஸை மூடினாள்.

சாவதற்கு நாலு நாள் முன்னால் அவர் என் கையைப் பிடித்தார். "ஏட்டி, எனக்க வாய ஒருக்கா மணத்துப் பாரு" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குனிந்திருந்தால் தெரிந்திருக்கும் அண்ணா. ஒரு சாண் தூரம்கூட இல்லை.

நீங்கள் எழுதிவிட்டீர்கள், உங்களுக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அதை இப்போது நான் சுமக்கிறேன். என்னிடம் மன்னிப்புக் கேட்காதீர்கள். அதைத் தரவேண்டியவர் மண்ணுக்குள் இருக்கிறார், நானும் அவரிடம்தான் கேட்கவேண்டும். உங்களைக் காட்டிக்கொடுக்காமலே போய்விட்டாரே மனுஷன்! "கேளு" என்றாரே தவிர, சீட்டில் எழுத வைத்தது நீங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நேற்றுக் கல்லறைக்குப் போனேன். என்ன பேசினேன் என்று உங்களுக்கு எழுதமாட்டேன்.

அந்தப் புகைப்புரையில் இப்போது தீ போடுவது யார்? டயரைப் போடாதே என்று அந்த ஆளிடம் சொன்னீர்களா? இல்லையென்றால் முதலில் அங்கே போய்ச் சொல்லுங்கள். பிறகு இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாருங்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, தங்கையன் பீடி குடித்ததில்லை என்று சபை கேட்கச் சொல்லுங்கள். போதகரிடம் பேசிவிட்டேன். உங்களுக்குப் பிறகு நானும் எழுந்து சொல்ல ஒன்று இருக்கிறது.

அந்தச் சோற்றுப் பாத்திரத்தையும் துவர்த்தையும் கொண்டுவாருங்கள். துவர்த்தை அலசிவிடாதீர்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். பஸ் ஏறி வாருங்கள்.

தங்கையன் மனைவி,
ஜெபகனி