ஹனாவுக்கு ஒரு பாஸ்போர்ட்

ஜூலை 2

கச்சான் காற்று. காலை எட்டு மணிக்கே முகத்தில் அனல். பிரதேச செயலகக் கந்தோரில் எங்கள் கவுண்டர்களுக்கு ஒரேயொரு மின்விசிறி, அதுவும் பெரியவரைப் பார்த்தபடி.

பகல் மச்சான் கடையிலிருந்து அழைத்தார். குரலே வேறு மாதிரி. யாரோ மவுத்தாகிவிட்டார்கள் என்று நினைத்து எழும்பி நின்றுவிட்டேன்.

"கா, கப்பல் கிடைச்சிரிக்கி."

"என்ன கப்பல்?"

பெயின்ட் கம்பெனியின் பரிசு. இந்த வருடம் அதிகம் விற்ற கடைகளில் கல்முனையில் எங்களுடையது ஒன்றுதானாம். சிங்கப்பூரில் ஏறி, நாலு நாள் கடலில் சுற்றி, அங்கேயே இறங்குவது. அவர், நான், ஒரு பிள்ளை. ஓகஸ்ட் லீவில். என்னைக் கட்டின நாளிலிருந்து நுவரெலியாவைத் தாண்டாத மனுஷன், உம்றாவைத் தவிர!

மகள் ஹனாவுக்குச் சொன்னதும் வரிசையாகக் கேள்விகள். கப்பலில் கோழி ஹலாலா. நீச்சல் தொட்டி ஆழமா. கப்பல் திரும்பினால் தொழுகிற நேரம் கிப்லாவும் திரும்புமா. கடைசிக் கேள்வியை மச்சானிடம் தள்ளிவிட்டேன்.

இறால் வாங்க மறந்துபோனேன்.

ஜூலை 3

கொழும்பிலிருந்து கம்பெனிப் பெடியன் வட்ஸ்அப்பில் அனுப்பினான்:

– பாஸ்போர்ட். திரும்பி வந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.
– அடையாள அட்டை கப்பலுக்குள் செல்லாது.
– வீசா அவர்கள் பார்ப்பார்கள்.
– பிள்ளைக்குத் தனிப் பாஸ்போர்ட். பிறப்புச் சான்றிதழ். தாய், தந்தை இருவரின் சம்மதக் கையெழுத்து.
– மூவருக்கும் ஒரே அறை. பெரிய கட்டில் ஒன்று, மேலே மடிக்கும் கட்டில் ஒன்று.

அடையாள அட்டை வரி மச்சானுக்காகவே எழுதியது. நேற்று அந்தப் பெடியனிடம், "பாஸ்போர்ட்ட ஹோட்டல்ல பூட்டி வச்சிட்டு கப்பலுக்குள்ள ஐடென்டி கார்ட் காட்டினா காணாதா தம்பி? தண்ணிக்குள்ள விழுந்தா?" என்று கேட்டிருக்கிறார். அவன் சிரிப்பை அடக்கியிருப்பான்.

நானும் பெரிய ஆள் இல்லை. உம்றாவுக்கு எடுத்த என் பாஸ்போர்ட் நவம்பரில் முடிகிறது. தலையில் கல் விழுந்த மாதிரி. கவுண்டரில் இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் "திகதியப் பாருங்க, திகதியப் பாருங்க" என்று கத்துகிறவள் நான்.

"தாய், தந்தை" என்ற வரியில்தான் கண் நிற்கிறது. இந்த நாட்குறிப்புக் கொப்பியில்கூட நான் எழுதாத விஷயம். ஹனாவைப் பெற்றது ரினோஸா, என் தங்கை. ஒரே வளவு, பக்கத்து வீடு. எனக்கு மூன்று கருவும் தங்காமல் போன பிறகு, தன் நாலாவதை நாற்பதாம் நாள் என் மடியில் வைத்தாள். வளர்க்கலாம், பெற்ற வாப்பாவின் பெயரை மட்டும் மாற்றக் கூடாது என்பது மார்க்கம். அதனால் எந்தப் பத்திரத்தை எடுத்தாலும் வாப்பா மஹ்ரூப், உம்மா ரினோஸா. ஹனாவுக்கும் எல்லாம் தெரியும். எங்களை உம்மா, வாப்பா என்கிறாள். ரினோஸாவை ரினாம்மா என்கிறாள். பதினொரு வருடமாக யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

கையெழுத்துத்தானே. பத்தடி நடந்தால் தங்கை வீடு.

ஜூலை 5

மச்சான் நேற்று இரவு பஸ்ஸில் கொழும்பு போய்விட்டார். கம்பெனிக் கூட்டம், அப்படியே என் பாஸ்போர்ட் அலுவலும்.

பின்னேரம் படிவத்தோடு ரினோஸா வீட்டுக்குப் போனேன். மஹ்ரூப் கடலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நல்ல மீன்பாடு போல, முகம் தெளிவு. படிவத்தை வாங்கினார், பெடியன் அனுப்பியதையும் வாசித்தார். அறை என்ற இடத்தில் நின்றார்.

"மதினி, கோவிக்கப்படாது."

அவர் என்னோடு ஒரு வருடத்தில் பத்து வசனம் கதைக்கிற ஆள்.

"மூணு பேருக்கும் ஒரு றூமாம். ஹனா இண்டைக்கோ நாளைக்கோ பெரிய புள்ளயாகிருவா. காக்கா அவக்கு மஹ்ரம் இல்லயே."

எனக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. 'காக்கா' என்று எந்த அண்ணனைச் சொல்கிறார் என்று யோசித்தேன். என் புருஷனை! ஹனாவின் வாப்பாவை!

மார்க்கக் கணக்கில் அவர் சொல்வது பிழையில்லை. ஒருத்தி கல்யாணம் முடிக்கவே கூடாத உறவுக்காரன்தான் மஹ்ரம். அவன் முன்னால்தான் முக்காடில்லாமல் இருக்கலாம், ஒரு அறையில் தங்கலாம். பெரியம்மாவின் புருஷன் அதில் வரமாட்டார். கவுண்டரில் எத்தனை பேரின் குடும்ப மரத்தை வரைந்திருக்கிறேன், என் வீட்டு மரத்தை ஒருநாளும் பார்க்கவில்லை.

"சரி, கப்பல விடுவம்" என்றேன்.

"கப்பல் மட்டுமில்ல மதினி. பெரிய புள்ளயானா வீட்டிலயும் அப்பிடித்தானே. மறுகா இஞ்ச வந்து படுக்கட்டும். பகல்ல உங்கட்ட வரட்டும், போகட்டும். ஆரு வேணாங்கிற?"

ரினோஸா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஒரு சொல் இல்லை.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. படிவத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஜூலை 6

மச்சானிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

இரவு வீடியோவில் வந்தார். ஹனா அப்போதுதான் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, கை இல்லாத பனியனோடு ஓடி வந்து போனைப் பறித்தாள். "வாப்பா, எனக்கு நீச்சலுக்குப் போட நீட்டுக் கை, நீட்டுக் கால் உடுப்பு. மறந்தீங்களோ, கப்பல்ல ஏறமாட்டன்." அவர் சிரிக்கிறார். நான் பின்னால் நின்று அவளுடைய தோளைப் பார்க்கிறேன், பிறகு திரையில் அவரைப் பார்க்கிறேன். ஒரு நிமிடம் மஹ்ரூபின் கண்ணால் பார்த்துவிட்டேன்.

சீ! இந்தப் பார்வையை என் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த அந்த மனுஷனை அறைய வேண்டும் போல. என்னையும்தான்.

அவளுக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்தபோது மூன்று இரவு நெஞ்சில் போட்டுக்கொண்டு நடந்தவர் இந்த மனுஷன். அவர் முன்னால் அவள் முக்காடு போட வேண்டுமா? எங்கள் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவே உள்ள கதவு பூட்டே இல்லாதது.

சாப்பிடவில்லை. ஹனா கேட்டாள், வயிற்று வலி என்று பொய்.

ஜூலை 7

கந்தோரில் ஒரு பிழை விட்டேன், ஒரே ஆளுக்கு இரண்டு தரம் முத்திரை. கவுண்டரில் ஒருவர் பக்கத்தவரிடம், "இண்டைக்கு டீச்சரம்மாக்கு மூளை இல்ல போல" என்றது காதில் விழுந்தது. நான் டீச்சர் இல்லை என்று சொல்லவும் தெம்பில்லை.

பகல் மௌலவி ஒருவருக்குப் போன் எடுத்தேன். சிநேகிதி ஒருத்தியின் பிரச்சினை என்றேன். அவர் நம்பியிருக்கமாட்டார். மரியாதையாகப் பதில் சொன்னார்.

"அவர் சொல்ற சரிதான் தங்கச்சி. பால்குடி உறவு இருந்தாத்தான் வேற கதை, அது ரத்த உறவு மாதிரி. வளக்கிற தாய் குடுத்திருக்கணும். இல்லாட்டி வளக்கிற வாப்பாட உம்மாவோ, கூடப்பிறந்தவவோ. ரெண்டு வயசுக்குள்ள, அஞ்சு தரம், வயிறு நிறைய. உங்கட சிநேகிதி குடுத்தாவா?"

இல்லை என்றேன். போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அல்லாஹ் எனக்குப் பிள்ளையைத் தரவில்லை, சரி. பாலையும் தரவில்லை. இப்போது அதற்கும் கணக்குக் கேட்கிறான் என்று தோன்றியது. அஸ்தஃபிருல்லாஹ், அவன் மன்னிக்க வேண்டும். ஆனாலும் தோன்றியதைத்தான் எழுதுகிறேன்.

மூன்று பேரும் வருவது உறுதியா என்று கம்பெனிப் பெடியன் கேட்டு எழுதியிருக்கிறான். பத்தாம் திகதி வியாழனுக்குள் கையெழுத்துப் படிவமும் வேண்டுமாம்.

ஜூலை 8

காற்று இன்னும் அடங்கவில்லை. முற்றமெல்லாம் வேப்பம் சருகு.

மச்சானின் தங்கை ஜெஸ்மின் அட்டாளைச்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தாள். கையில் ஒரு சட்டி தயிர். கப்பல் கதை கேட்க வந்தவள். என் முகத்தைப் பார்த்ததும் "என்ன மதினி, ஆரும் மவுத்தா?" என்றாள். அவ்வளவுதான், எல்லாம் கொட்டிவிட்டேன்.

அவள் சிரித்தாள். சிரித்தாள்! எனக்கு வந்த கோபத்துக்குத் தயிர்ச் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

"அதெப்பிடி மஹ்ரம் இல்லாமப் போகும்? நான்தானே ஹனாக்குப் பால் குடுத்த. எங்கட காக்கா அவக்குப் பால்குடி மாமா. உங்களுக்கு அவர் சொல்லல்லயா?"

அவளைக் கதிரையில் இருத்தி முழுவதையும் கேட்டேன்.

நான் கந்தோர்ப் பயிற்சிக்கு ஒரு கிழமை கண்டிக்குப் போன நேரம். ஹனாவுக்கு அப்போது மூன்று மாதம். ஜெஸ்மினுக்கும் கைக்குழந்தை. மச்சான் முதலே ஒரு ஆலிமிடம் கேட்டு வைத்திருக்கிறார். "நாளைக்கு இந்தப் புள்ள வளந்து எனக்கிட்ட இருந்து ஒளிக்கப்படாது" என்று தங்கையிடம் அழுதாராம். என் மச்சான், அழுதாராம். ஐந்து தரம், வயிறு நிறைய, ஐந்தையும் ஜெஸ்மினின் மாமியார் பார்த்திருக்கிறா. அவ இன்னும் ஹயாத்தோடு இருக்கிறா, கேட்கலாமாம்.

அல்ஹம்துலில்லாஹ். சந்தோஷமா, கோபமா? பதினொரு வருடம் என்னிடம் மறைத்த மனுஷன்!

பிறகு ஜெஸ்மின் எழும்பிப் போகும் நேரம், செருப்பைப் போட்டபடி, சும்மா சொல்வது போலச் சொன்னாள்:

"ரினோஸாக்கிட்டக் கேளுங்களன். அவதானே புள்ளயத் தூக்கிட்டு வந்து ரெண்டு நாள் எங்கட வீட்டில நிண்ட."

அவள் போய் ஒரு மணி நேரமாகிறது. வாசலில் அப்படியே நிற்கிறேன் போல இருக்கிறது இன்னும். ரினோஸாவுக்குத் தெரியும். மஹ்ரூப் அதையெல்லாம் சொன்னபோது அவளுக்குத் தெரியும். ஒரு சொல் போதும். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 9

காலை மச்சானுக்குப் போன். கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"நீ அந்த நேரம் பால் மாப் போத்தலக் கண்டாலே அழுவாய் கா. வேறொருத்தி பால் குடுத்தா எண்டு எப்பிடிச் சொல்ற? மறுகா சொல்லுவம், மறுகா சொல்லுவம் எண்டு போய்ட்டு."

அவரைக் கோபிக்க முடியவில்லை.

ரினோஸாவைத்தான் பொறுக்க முடியவில்லை. என்னோடு ஒரே பாயில் படுத்தவள். பிள்ளையைத் தந்த கையை நான் முத்தமிட்டிருக்கிறேன். பதினொரு வருடமாக அந்த வீட்டில் சோறு ஆக்கிக்கொண்டு, ஹனா எப்போது திரும்பி வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாளா? நான் ஒருநாளும் அப்படி நினைத்துப் பார்க்கவில்லையே.

ஜூலை 10

கையெழுத்துக்குக் கடைசி நாள். கந்தோருக்கு லீவு போட்டேன். ரினோஸா வீட்டுக்கு நான் போகவில்லை. அவளே வந்தாள், பகல், மஹ்ரூப் கடலுக்குப் போன பிறகு. ஹனா பள்ளிக்கூடத்தில்.

கதவடியில் நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"ஜெஸ்மின் சொல்லிருப்பா" என்றாள்.

"ஓம்."

"அவர்ட்ட ராவு சொல்லிட்டன். அவருக்கு ஒண்டும் தெரியாது லாத்தா, பாவம். அவர் கையெழுத்து வச்சிட்டார்."

"நீ ஏன்டி அண்டைக்கு வாயத் திறக்கல்ல?"

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"அவர் 'இஞ்ச வந்து படுக்கட்டும்' எண்டு சொல்லக்க, எனக்கு உண்மையெல்லாம் மறந்து போச்சு. ரெண்டு நாள் மறந்திருந்தன். தலகாணி உறைகூடத் தோய்ச்சுப் போட்டன்."

கதிரையை இழுத்து அவள் பக்கம் போட்டேன். திட்ட வைத்திருந்த அத்தனை சொல்லும் எங்கே போயிற்று?

மேசையடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த படிவத்தை எழுதினாள். எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்து எழுத்தாக எழுதுவாள். பிள்ளையின் பெயர். தந்தை: மஹ்ரூப். தாய்: ரினோஸா. அதில் பேனையை நன்றாக அழுத்தினாள். அடுத்தது பிள்ளையின் நிரந்தர முகவரி. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே எழுதிவிட்டாள், என் வீட்டு இலக்கத்தை.

கையெழுத்து வைத்தாள். படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.

"சரிதானே லாத்தா?"

எத்தனை ஆயிரம் படிவத்துக்குச் சரி என்று சொன்ன வாய் இது. வரவில்லை.