கோப்பைக்கு ஒரு குஞ்சு

லாவால் தடுப்பு நிலையம்
7.11.2023

மச்சான் வினோஜன்,

கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டார்கள், அதனால்தான் கடிதம். பதினேழாம் தேதி விசாரணை. வெளியே விடுவார்களா, கொழும்புக்கு ஏற்றுவார்களா என்று அன்றைக்குத் தெரியும்.

என் அக்சலொட்டில் குஞ்சுகள், அந்தத் தண்ணீர்ப் பல்லிகள், பதினாலும் இருக்கின்றனவா? உயிருள்ள இறால்குஞ்சு மட்டும் போடு. இந்த வயதில் அசையாததைத் தின்னாதுகள். பசித்தால் பக்கத்தில் அசைகிற காலைக் கடிக்கும்.

உன் றொசான்


மொன்ட்ரியால்-நோர்
11.11.2023

அன்பின் றொசான்,

பொரிக்க வைக்கிற இறால்முட்டை எங்கேயும் இல்லை. புரோசார்ட் வரை போய்த் தேடினேன். உறைந்த சிவப்புப் புழுவை வெட்டி, சாமணத்தில் பிடித்து முகத்துக்கு முன்னால் ஆட்டுகிறேன். எட்டு தின்கின்றன. மற்றவை உன்னைப் போல, முகத்தைத் திருப்புகின்றன.

நாளை மறுநாள் கந்தசஷ்டி. உனக்காக விரதம் பிடிக்கிறேன். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரனுக்கு முருகன் உதவி செய்வாரா என்று சிரிக்காதே.

வினோஜன்


19.11.2023

அன்பின் றொசான்,

உன்னைக் கொழும்புக்குத்தான் ஏற்றுவார்கள் என்று வக்கீல் சொன்னார்.

விரதம் முடியும்வரை மச்சம் மாமிசம் தொடக்கூடாது என்று புழுவைத் தொடவில்லை. ஓட்ஸ் கரைத்து ஊற்றினேன். சூரன்போர் முடிந்து கோயிலால் வந்து பார்த்தால் ஐந்துதான் மிச்சம். இரண்டுக்கு முன்கால் இல்லை. மன்னித்துக்கொள்.

வினோஜன்


22.11.2023

வினோஜன்,

கோழித் தொழிற்சாலைக்கும் விரதம் என்று லீவு போட்டாயா? நாள் முழுக்கக் கோழி வெட்டுகிறாய். அங்கே கூசாத கை புழுவுக்குக் கூசியதா?

இன்னொன்று. வேலையில் நான் காட்டியது இரவல் அட்டை, அதில் இருந்தது றெனோல்ட்டின் பெயர். என்னைப் பிடிக்க வந்த அதிகாரிகள் "றொசான் யார்?" என்றுதான் கேட்டார்கள். அங்கே என் உண்மைப் பெயரைத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

ஆறு நாள் விரதம் எதற்காக?

றொசான்


25.11.2023

றொசான்,

உன்னைப் பிடிப்பதற்கு முதல், எங்கள் மேற்பார்வையாளர் உருத்திரமூர்த்தி அண்ணை என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். "வேலை குறையுது தம்பி. உங்கடை அறையிலை இருக்கிற ரெண்டு பேரிலை ஒராள் போகவேணும். ஆருக்குப் பேப்பர் பிழை? நீயே சொல்லு" என்றார்.

உன் பெயரைச் சொன்னேன். வேலையைத்தான் நிறுத்துவார் என்று நினைத்தேன். அவருக்குக் கர்க்லாண்டில் பெரிய வீடு. எனக்கு இந்த நிலக்கீழ் அறை ஒன்றுதான். என் அகதிக் கேஸும் இன்னும் முடியவில்லை, மச்சான்.

வினோஜன்


28.11.2023

ஐந்தையும் ஒரே தொட்டியில் விடாதே. கோயிலில் இருந்து நீ கொண்டுவந்த பாயாசக் கோப்பைகள் அலுமாரியில் இருக்கின்றன. கோப்பைக்கு ஒன்று. தினமும் தண்ணீர் மாற்று. புழுவைச் சின்னதாக வெட்டு. தின்னாத துண்டை எடுத்துவிடு, இல்லாவிட்டால் தண்ணீர் பழுதாகும். வெள்ளிக்கிழமையும் சாப்பாடு போடு.

அறுந்த காலைப் பார்த்து அழாதே. அதுகளுக்குத் திரும்ப முளைக்கும்.

உருத்திரமூர்த்தி இன்னொரு நாளும் கூப்பிடுவான். அப்போது அறையில் நீ மட்டும்தான் இருப்பாய்.

நாளைக்கு விமானம். விலாசம் தரமாட்டேன்.

றொசான்