கள்ளை விட்டவளுக்கு, சோற்றை விட முடியாதவள் எழுதுவது

என் அருமை மார்த்தாக்கா,

சபைப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி நம் போதகரின் மனைவி ஐயரம்மா கேட்டார்கள். "காலஞ்சென்ற மார்த்தாள் அம்மாள் அமைதியும் அடக்கமுமே உருவானவர்" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். உன் டிப்போவுக்கு விறகு ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் யாராவது அதைப் படித்தால் என்ன நினைப்பார்கள்? கிழித்துப் போட்டுவிட்டு உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் கூட நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

யுத்தம் முடிந்துவிட்டது, அக்கா. கோயில்களில் மணியடித்தார்கள். பட்டாளத்துக்காரர்கள் தெருவில் ஆடினார்கள். ரேஷன் மட்டும் முடியவில்லை. அரிசி பாதி, ராகி பாதி என்று வாங்கி வந்து ஒப்பேற்றுகிறோம். அல்சூர் டிப்போவை உன் தம்பி பார்த்துக்கொள்கிறான். நல்ல பிள்ளைதான், ஆனால் உன் தொண்டை அவனுக்கு இல்லை. "ஹசி சௌதெ தந்திதீயல்லப்பா" என்று நீ கன்னடத்தில் ஒரு சத்தம் போட்டால், பச்சை விறகு கொண்டுவந்தவன் மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்புவான். இப்போது அந்தப் பச்சை விறகுதான் எங்கள் அடுப்புகளில் புகைகிறது.

உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சபைப் பள்ளியில் சின்ன வகுப்புக்கு டீச்சர் நான். பருத்த உடம்பு. "இவளுக்கு ரவிக்கைத் துணி எடுக்கறதுக்கு ஒரு கூடாரமே வாங்கிப் போட்டுடலாம்" என்று சித்தி விருந்தாளிகள் முன்னால் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிடுவேன்.

அது பசி இல்லை. பசியென்றால் சாப்பிட்டதும் அடங்கும். சட்டியில் மிஞ்சிய சோறு, வெல்லக்கட்டி, பேக்கரி ரஸ்க், எது அகப்பட்டாலும் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வேன். ருசி தெரியாது. வயிறு வலிக்க ஆரம்பித்த பிறகும் கை நிற்காது. நாலு பேர் நடுவில் உட்கார்ந்தால் மட்டும் குருவி மாதிரிக் கொறிப்பேன். கல்யாணமான பிறகும் இதே கதைதான். அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற என் வீட்டுக்காரர் சாயந்திரம் வருவதற்குள் ஒரு சாப்பாடு, அவர் வந்த பிறகு அவரோடு ஒரு சாப்பாடு.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து அவருடைய முதலாளி குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அச்சு முறுக்கும் கலகலாவும் சுட்டுப் பெரிய டின் நிறைய வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஆசையாக டின்னைத் திறந்தார். அடியில் கொஞ்சம் தூள்தான் கிடந்தது. மூடியைப் போட்டுவிட்டு, "எலித் தொல்லை சார். வாய் வச்சதையெல்லாம் கொட்ட வேண்டியதாப் போச்சு" என்றார். வந்தவர்கள் காபியோடு எழுந்து போனார்கள். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். இப்படி ஒருத்தியை எதற்காகப் படைத்தீர் என்று கர்த்தரைக் கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் ஐயரம்மா ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அறையில் பெண்களுக்கான மதுவிலக்கு ஜெபக் கூட்டம் என்று அதில் இருந்தது. கீழே, "விட நினைத்தும் விட முடியாதவர்கள் வரலாம்" என்று ஒரு வரி. எதை விட முடியாதவர்கள் என்று அந்த வரியில் இல்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன், அக்கா. வாசல்வரை வந்து திரும்பினேன். மறுபடியும் வந்தேன்.

உள்ளே சில பெண்கள் இருந்தார்கள். புருஷன் குடிக்கிறவர்கள் பாதி, தாங்களே குடிக்கிறவர்கள் பாதி. "நீ எதுக்கும்மா வந்தே? உன் வீட்டுக்காரர் குடிக்கிறதில்லையே?" என்று ஐயரம்மா கேட்டார்கள்.

"நானும் குடிக்கிறதில்லீங்க," என்றேன். "சாப்பிடறேன். நிறுத்த முடியலை."

யாரோ சிரித்தார்கள். "சாப்பிடறதுக்குக் கூடவா ஜெபம்?" என்று ஒரு குரல் கேட்டது. கதவு எந்தப் பக்கம் என்று தேடினேன். அப்போதுதான் பெஞ்சின் ஓரத்தில், புடவையெல்லாம் மரத்தூளோடு உட்கார்ந்திருந்த நீ பேசினாய்.

"சிரிக்காதீங்க," என்றாய். பிறகு என்னைப் பார்த்து, "ஒளிச்சு வச்சு சாப்பிடுவியா?" என்று கேட்டாய்.

"ஆமா."

"சாப்பிட்டுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துடுவியா?"

"ஆமா."

"நான் பாட்டிலைக் கழுவிக் கவுப்பேன். வா, இப்படி வந்து உக்காரு."

முன்பின் தெரியாத டீச்சரை ஒருமையில் அழைத்தாய். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. ஊரில் யாரிடமும் சொல்ல முடியாததை நான் பாதி சொல்வதற்குள் நீ மீதியைச் சொல்லிவிட்டாய்.

புருஷன் செத்த பிறகு ஈச்சங்கள்ளில் இறங்கி, டிப்போவே கை நழுவிப் போகும் அளவுக்குக் குடித்து, பிறகு மீண்டவள் நீ என்பதை அன்றைக்கே கூட்டத்தில் சொன்னாய். சமையல் குறிப்பு சொல்வது போல, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாய். கூட்டம் முடிந்ததும், "கை அரிச்சா டிப்போவுக்கு வந்துடு. காரணம் சொல்ல வேணாம்" என்றாய்.

வந்தேன். பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகப் பயந்து எத்தனையோ நாள் வந்தேன். "வந்தியா, உக்காரு" என்பாய், அவ்வளவுதான். தராசில் விறகு ஏறும், இறங்கும், நீ யாரோடாவது மல்லுக்கு நிற்பாய். நான் ஒரு கட்டை மேல் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரம் எப்படியோ கடந்துபோகும்.

எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்லித் தந்ததே இல்லை. ஒருநாள் நானே கேட்டேன். உள்ளங்கையில் குத்திய விறகுச் சிராயைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாய்.

"எனக்குத் தெரியலை எஸ்தர். கள்ளுக்கடை இருக்கிற தெருவுக்கே நான் போறதில்லை. உன் கள்ளுக்கடை உன் வீட்டுக்குள்ளேயே இருக்கு. நீதான் அதுக்கு அடுப்பு மூட்டணும். உன்னுது என்னுதைவிடக் கஷ்டம்."

என்னுடையது கஷ்டம் என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. பெருந்தீனி, அடங்காத வாய் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று நீ கொண்டுவந்திருந்த தூக்குச் சட்டியைத் திறந்து இருவருக்கும் போட்டாய். "எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிடு. கொறிக்காதே. எவ்வளவு வேணுமோ அவ்வளவு சாப்பிடு" என்றாய். ஒரு மனுஷி முகத்துக்கு எதிரே வயிறாரச் சாப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கத்திரிக்காய்க் குழம்பு. உப்பு கொஞ்சம் தூக்கல். நடுவில் அழுகை வந்தது. நீ பார்க்காதவள் போல் ஊறுகாயைத் தள்ளி வைத்தாய். அழுது முடித்துப் பார்த்தால், போதும் போலிருந்தது. எனக்குப் போதும் என்று தோன்றும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

அந்தத் தைரியத்தில்தான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அந்த டின்னை எலி திங்கலை, நான்தான்" என்றேன். "தெரியும்" என்றார். "உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியலை. கேட்டா உனக்கு வலிக்குமேன்னு இருந்துட்டேன்." அன்றிலிருந்து அவர் சாயந்திரம் நேராக வீட்டுக்கு வந்து என்னோடு சமையல்கட்டில் நிற்கிறார். வெங்காயம் உரிக்கிறார். கோணல் மாணலாகத்தான் உரிக்கிறார்.

எல்லாம் நேராகிவிடவில்லை. பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், எனக்கு இங்கிலீஷ் புரியாது என்று நினைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பென்ஷன் கொடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் தின்றேன். மறுநாளும் தின்றேன். உன் முகத்தில் விழிக்கப் பயந்து டிப்போ வழியாக நடப்பதையே விட்டேன். நீயே தேடி வந்துவிட்டாய்.

"விழுந்துட்டேன் அக்கா" என்றேன்.

"நான் சாக்கடையில விழுந்தவ. தூக்கறதுக்கு மூணு ஆம்பளை வேணும்னு தெருவே சிரிச்சுது. நீ உன் வீட்டு சமையல்கட்டுல, சுத்தமான தரையில விழுந்திருக்கே. எழுந்து வா."

உன்னை நான் வியப்பது இதற்காகத்தான். உனக்கு நேர்ந்த கேவலத்தை நீ மறைத்து வைக்கவே இல்லை. இன்னொருத்தி பிடித்து எழுந்துகொள்ள அதையே நீட்டினாய்.

ஆனாலும் உன்னிடம் வாங்குகிறவளாகவே நான் இருந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். பர்மா பக்கம் பட்டாளத்துக்குப் போன உன் மகன் சாமுவேல் வராமல், அவனோடு போன சிநேகிதன் மட்டும் செய்தியோடு வந்தானே, அந்த நாள்வரை.

பாடம் நடந்துகொண்டிருந்தது. பள்ளி கேட்டில் நீ நிற்பதாக வந்து சொன்னார்கள். பிள்ளைகளைப் பக்கத்து டீச்சரிடம் விட்டுவிட்டு ஓடி வந்தேன். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"சாமு போயிட்டான்," என்றாய். "கால் தானா கள்ளுக்கடைப் பக்கம் போவுது. என்னைப் பிடிச்சுக்கோ எஸ்தர்."

உன் கையை என் கைக்குள் இடுக்கிக்கொண்டு நடந்தேன். ஏரிக்கரையைச் சுற்றினோம். நீ நிற்க மாட்டேன் என்றதால் தொம்மலூர்ப் பக்கம் வயல் வரப்புவரை போனோம். வழியில் உன் முழங்கால் மடங்கியது. உன் மொத்தக் கனமும் என்மேல் சாய்ந்தது. நான் அசையவில்லை.

"உன்னைப் பிடிச்சா தூணைப் பிடிச்ச மாதிரி இருக்குடி" என்றாய்.

அக்கா, இந்த உடம்பைப் பற்றி ஆயிரம் பேச்சு கேட்டிருக்கிறேன். நல்லவேளை இது இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. உன் மகனை இழந்த நாளில் இப்படி ஒரு நினைப்பு வரலாமா? வந்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் உன்னை உன் வீட்டில் கொண்டுவந்து விட்டேன். அன்று நீ குடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் குடிக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் உன் நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு இழுத்தது. தெம்புக்குப் பிராந்தி இரண்டு ஸ்பூன் தரலாம் என்று கம்பவுண்டர் குப்பியைத் திறந்தார். "மருந்துதானே, பரவாயில்லை" என்று உன் தம்பியே சொன்னான். "வேற மருந்து இருந்தா குடுங்க" என்றாய். அவரும் வற்புறுத்தாமல் வேறு கொடுத்தார். அவர் போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "வாசனை பட்டதும் உயிரே அங்கே ஓடிடுச்சுடி" என்று சிரித்தாய். இருமல் வந்து சிரிப்பை நிறுத்தியது. கடைசிவரை உனக்கு அந்த ஆசை போகவில்லை, போய்விட்டதாக நீ நடிக்கவும் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தேன். அந்த வாரத்திலேயே, வெயில் வந்த ஒரு காலையில் போய்விட்டாய்.

நீ போன பிறகு பழையது திரும்பி வந்தது. அரிசி கிடைக்காமல் போய்விடுமோ என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பேச்சைக் கேட்டாலே நான் போய் அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பேன். ஒரு மத்தியானம் ரேஷன் அரிசியைப் பச்சையாகவே வாயில் போட்டு மென்றுகொண்டு நின்றேன். அவர் அச்சகத்தில். நீ கல்லறையில். யாரிடம் போவது?

செருப்பை மாட்டிக்கொண்டு ஐயரம்மா வீட்டுக்குப் போனேன். அவர்களிடம் எனக்கு எப்போதும் பயம்தான், உனக்குத் தெரியும். வாசலில் நின்றபடியே, "எனக்கு இப்போ ரொம்ப மோசமா இருக்குங்க. கொஞ்ச நேரம் கூட இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர்கள் ஒரு முறம் அவரைக்கொட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜெபம் பண்ணுவார்கள், வசனம் சொல்வார்கள் என்று நினைத்தேன். "உள்ளே வா. ஊறப்போட்ட கொட்டை இன்னும் நிறைய இருக்கு" என்றார்கள். இருவரும் உட்கார்ந்து தோலைப் பிதுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு கொட்டை துள்ளிப் போய் அவர்கள் மூக்குக்கண்ணாடியில் பட்டது. ஐயரம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நீ இருந்திருந்தால் தெருவுக்கே கேட்டிருக்கும்.

உடம்பு இளைத்துவிட்டதா என்று கேட்பாயா? கொஞ்சம் இளைத்திருக்கிறது, சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இன்னமும் சில நாட்கள் தோற்கிறேன். ஆனால் தோற்ற கையோடு யாரிடமாவது போய்ச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கும் பழையபடி போய்வருகிறேன். கண்ணாடி திரும்ப அறையைப் பார்த்துத் தொங்குகிறது.

அக்கா, அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகை. கோயில் வளாகத்தில் சபை விருந்து. இத்தனை வருஷமும் அந்த விருந்தில் நான் பரிமாறுகிறவளாகவே நின்றுவிடுவேன். வாளியும் கையுமாக ஓடுகிறவள் சாப்பிட்டாளா என்று யாரும் பார்ப்பதில்லை. கெட்டிக்காரி, உழைப்பாளி என்று பாராட்டக்கூடச் செய்வார்கள்.

இந்த வருஷம் வாளியைத் தொடமாட்டேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். முதல் பந்தியில், எல்லோருக்கும் தெரியும்படி இலை முன்னால் உட்காருவேன். கொறிக்கமாட்டேன். பிடித்ததைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். போதும் என்று தோன்றினால் போதும் என்பேன். தோன்றாவிட்டால், பக்கத்து இலையில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம், "கொஞ்சம் என்னோடு பேசிக்கொண்டிருங்கள்" என்று கேட்பேன்.

உன் கூடப்பிறக்காத தங்கை,
எஸ்தர்