நிலா வெளிச்சம் போதாதா

சனிக்கிழமை, பௌர்ணமிக்கு மறுநாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட்டு வைக்க வீட்டுக்காரர் படம் வேண்டும். கல்யாண ஆல்பத்தில் இருப்பது ஒரு ஒல்லிப் பையன். அதனால் என் போனை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியே போனது கிரிவலத்துக்கு மட்டும்தான். இருக்கிற படமெல்லாம் ராத்திரியில் எடுத்தவை. பெரிதாக்கினால் எதிலும் அவர் முகம் இல்லை. விபூதி தெரிகிறது, அதற்குக் கீழே கலங்கல்.

"ஜாஸ்தி விலை போன்ல எடுத்திருந்தா தெளிவா வந்திருக்கும்மா. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது சேத்துப் புடிச்சுக்கும். அதுக்குத்தான் அவ்ளோ காசு" என்றார் ஸ்டுடியோக்காரர்.

போன் வாங்கிய அன்று கடையில் இருந்த பெண்ணும் இதையேதான் சொன்னாள். என் வீட்டுக்காரர் சிரித்தார். "நாங்க பௌர்ணமிக்குத்தானேம்மா சுத்தப் போறோம்? நிலா வெளிச்சம் போதாதா?" கம்மி விலையிலேயே வாங்கினோம்.

ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். கண், மூக்கு, உதடு எல்லாம் பளிச்சென்று வந்து நின்றன. அழகான முகம்தான். யாரோ ஒருவர்.

"இதையே பிரேம் போட்டுடலாமாம்மா?"

வேண்டாம் என்று போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஆளுக்கு நான் எப்படி மாலை போடுவேன்?

நேற்று ஊரே மலை சுற்றியது. நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். இப்போது போனில் அந்தக் கலங்கல் படத்தையே மறுபடியும் எடுத்துப் பார்க்கிறேன். அவர் தலைக்கு மேல் நிலா மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது.