இடப்பக்கத்து ஆள்

இன்று காலை வேலைக்குப் போகும்போது, பேர்லின் ஹெர்மன்பிளாட்ஸ் நிலையத்தில் ரயிலேறிய ஒரு பிள்ளையின் மடியில் அந்த முட்டைப் பந்து இருந்தது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு நீட்டினாள். தோல் முழுக்கச் சின்னச் சின்னப் பருக்கள், நூல் கோத்த இடம் மட்டும் மேடு. ஒரு வசந்தகாலம் முழுக்க நீங்களும் நானும் அந்தப் பந்தைப் பற்றிக் கதைத்திருக்கிறோம். ஆனால் அதைக் கையில் பிடித்தது இன்றுதான். உங்களிடம் சொல்லவேண்டும் போலிருந்தது.

அந்த வருடம் உங்களுடைய பஸ் கம்பெனி உங்களை அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு வான் வண்டி ஓட்ட விட்டது. வசந்தம் தொடங்க அமெரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்திறங்குவார்கள். ஹோட்டலில் தங்கி, கோடையின் தொடக்கம் வரை பேர்லினுக்காக ஆடிவிட்டுத் திரும்பிப் போவார்கள். பழைய பயிற்சியாளர் போய்ப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். முதல் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் தோல்வி. பேப்பர்காரர் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். நீங்களோ வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே அவருடைய புதினம் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

"இஞ்சரும், அந்த மனுசன் ஒவ்வொரு நாளும் வானிலை ஆக்களை இடம் மாறி இருக்கச் சொல்லுது. நேற்றுப் பக்கத்திலை இருந்தவனோடை இண்டைக்கு இருக்கக் கூடாதாம்."

"ஏனாம்?"

"கேட்டனான். எனக்கும் தெரியாது, செய்து பாப்பம் எண்டார்."

அதைச் சொல்லி எவ்வளவு நேரம் சிரித்தீர்கள்! தெரியாது என்று சொல்கிற ஒரு ஷெஃபை, ஒரு மேலாளரை, நீங்கள் அதற்கு முன் கண்டதில்லையாம். கலியாணம் கட்டிய நாளிலிருந்தே, கண்டவர்களையெல்லாம் நிற்பாட்டிக் கேள்வி கேட்கிற உங்கள் பழக்கம் எனக்கு வெட்கமாக இருக்கும். "உங்களுக்கு என்னத்துக்கப்பா உந்த விடுப்பு?" என்பேன். "கேட்டால் என்ன, வாயா தேயப்போகுது?" என்பீர்கள்.

பிறகுதான் அந்த மதியம் வந்தது. கதவைத் திறந்தால், உங்களுக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஆள். பெயர் டேரல் என்றீர்கள். "இவனை அணியாலை நிப்பாட்டிப் போட்டினம். பிளேன் பின்னேரந்தான். காலமையே அறையை விடச் சொல்லிட்டினம். ஏர்போட்டிலை தனியக் குந்தியிருக்க விட ஏலாது. புட்டு இருக்கே?"

யன்னலால் எட்டிப் பார்த்தேன். கம்பெனி வான் எங்கள் தெருவில் நின்றது. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "என்னப்பா, வேலை போகப்போகுது" என்று தமிழில் சிரித்த முகத்தோடு சொன்னேன், வந்தவனுக்கு விளங்கக் கூடாதென்று.

அவன் கதிரையில் இருந்தான். புட்டுக் கோப்பையைப் பார்த்தானே ஒழிய, சாப்பாட்டில் கை வைக்கவில்லை. வேறு ஆளென்றால் கவலைப்படாதே, எல்லாம் நன்மைக்குத்தான் என்று ஆறுதல் சொல்லியிருப்பார். நீங்கள் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலத்தில் கேட்டீர்கள்: "இவ்வளவு நாளும் உன்னை ஏத்தி இறக்கிறன். அங்கை உனக்கு என்ன வேலை எண்டு இன்னும் எனக்கு விளங்கேல்லை."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு உப்புப் போத்தலை எடுத்து மேசை நடுவில் வைத்தான். அது பந்து எறிகிறவன். அதற்கு முன்னால் வரிசையாகத் தேநீர்க் கோப்பைகள், அவனைக் காக்கிறவர்கள்; இடப்பக்கக் கடைசிக் கோப்பை டேரல். எதிர்ப்பக்கத்தில் என் மிளகாய்த்தூள் டப்பா, அவனை விழுத்த ஓடிவருகிறவன். அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எனக்குத் தமிழில் சொன்னீர்கள். எறிகிறவன் வலக்கைக்காரன். எறியத் திரும்பினால் இடப்பக்கம் அவனுடைய முதுகுக்குப் பின்னால் போய்விடும். அந்தப் பக்கத்தால் ஓடிவருகிறவனை அவன் காணமாட்டான். டேரல்தான் காணவேண்டும், கண்டு மறிக்கவேண்டும்.

எனக்கும் அறிகிற ஆசை, உங்களுடைய அந்த விடுப்பு, தொற்றிவிட்டது. "அப்ப இவர் பந்தை ஒருக்காலும் தொடமாட்டாரோ?"

நீங்கள் அவனிடம் கேட்டீர்கள். அவன் முதன்முறையாகச் சிரித்தான். "நான் பந்தைத் தொட்டால், எங்கையோ பிழை நடந்துட்டுது எண்டு அர்த்தம்" என்றானாம்.

கடல் கடந்து வந்து, பந்தையே தொடாமல் பந்து விளையாடுகிற மனிதனை நான் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழும்பி நடைவழியில் நின்று கால் வைக்கும் விதத்தைக் காட்டினான். அலுமாரிக் கண்ணாடி கிலுங்கியது. திரும்பி வந்து இருந்தவன் புட்டை முழுதாகச் சாப்பிட்டு, இன்னும் கேட்டான்.

அப்போதுதான் உங்கள் கைத்தொலைபேசி அடித்தது. பயிற்சியாளரே எடுத்திருந்தார். அவனுடைய இடத்துக்குப் போட்ட ஆளுக்குக் காலைப் பயிற்சியில் முழங்கால் போய்விட்டது. டேரல் பிளேன் ஏறிவிட்டானா?

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். தெரு நெரிசல் என்றொரு பொய் போதும், உங்கள் வேலைக்கு ஒன்றும் வராது. "இல்லை. என்ரை வீட்டிலை இருந்து சாப்பிடுறான்" என்றீர்கள்.  "சாப்பிட்டு முடியக் கூட்டிக்கொண்டு வா" என்றாராம்.

வான் எங்கள் வீட்டு வாசலில் நின்றதை அறிந்த கம்பெனி சும்மா விடவில்லை. எச்சரிக்கை தந்து உங்களை வேறு வழித்தடத்துக்கு மாற்றினார்கள். ஒரு வாரம் வீட்டில் நீங்கள் கதைக்கவே இல்லை.  பயிற்சியாளர்தான் கம்பெனிக்குப் போய், அந்தச் சாரதி இல்லாமல் வானில் ஒருவரும் வாய் திறக்கிறார்கள் இல்லை என்று உங்களைத் திருப்பிக் கேட்டார்.

அதன்பிறகு அணி வெல்லத் தொடங்கியது. கடைசி ஆட்டத்துக்கு நீங்கள் என்னைக் கூட்டிப் போனீர்கள். மைதானம் முழுவதும் பந்து போன பக்கம் பார்த்தது. நாங்கள் இரண்டுபேர் மட்டும் பந்தைத் தொடாத ஒருவனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் ஒருவனை மறித்து விழுத்தியதும் நீங்கள் எழும்பிக் கத்த, முன்னால் இருந்தவர்கள் என்ன நடந்ததென்று தெரியாமல் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆட்டத்தில் வென்றும் இறுதிப் போட்டிக்குப் போக முடியவில்லை. கொஞ்சக் காலத்தில் அந்தப் போட்டித் தொடரே மூடப்பட்டது. டேரல் எங்கே இருக்கிறான் என்று நீங்கள் கடைசிவரை அறிய ஆசைப்பட்டீர்கள். இன்னும் எனக்குத் தெரியாது.

கடைசியில் ஆஸ்பத்திரியிலும் நீங்கள் மாறவில்லை. சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து ஏற்ற வந்த டொக்டரிடம், "மனுசர் முதலிலை மறக்கிறது எதை?" என்று கேட்டீர்கள்.  சிகிச்சை முடிந்து நீங்கள் வெளியே வந்த பிறகு சொல்கிறேன் என்றார் அவர். நீங்கள் கண் விழிக்கவில்லை.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போன மாதம் ஒரு கிழவர் வந்தார். வந்த நாளிலிருந்து வாய் திறக்கவில்லை. எல்லாரும் முதுகைத் தடவி ஆறுதல் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள். லிஃப்ட் திருத்துகிற வேலை செய்தவர் என்று மகள் சொல்லியிருந்தாள். நேற்று நான் அவருடைய சூப்பை மேசையில் வைத்துவிட்டு, எனக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றைக் கேட்டேன்: "நாலு மாடியிலும் ஒரே நேரத்தில் பொத்தானை அமத்தினால், லிஃப்ட் முதலில் எங்கே போகும்?"

அவர் சூப்பைத் தள்ளி வைத்தார். "அது எந்தக் காலத்து லிஃப்ட் என்பதைப் பொறுத்தது" என்றார். பிறகு கையால் கதிரையைக் காட்டினார்.

அதைக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.