ஆறாம் அத்தியாயத்தை எடுக்க மாட்டேன்

2025 ஜனவரி 21

காலை முழுக்க ஜவுபர் காக்காவின் லேத் பட்டறையில். கல்முனையில் இவ்வளவு சுத்தமாகக் கடைந்து தர வேறு ஆள் இல்லை. அதனால் அவர் பேச்சையும் பொறுக்கிறேன். "றாஸிக்க அனுப்பு புள்ள, ஆம்புளயள் வாற இடம் இது" என்றார். என் கணவர் மருந்துக்கடைக்காரர். அச்சுத்தண்டுக்கும் ஆணிக்கும் வித்தியாசம் தெரியாது.

"வரைபடம் கீறின ஆள் நான். நான்தான் வருவன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பட்டறையில் நின்ற மூன்று பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

முப்பத்துமூன்று வயதில் இயந்திர வடிவமைப்பில் முதுமாணிப் படிப்பு. ஆய்வு: மீன்பிடிப் படகை மணலில் இழுத்து ஏற்றும் கைவின்ச். இப்போது பன்னிரண்டு பேர் தோள் கொடுக்கிறார்கள். இது வந்தால் இரண்டு பேர் சுற்றினால் போதும். இந்த வயதில் என்ன படிப்பு என்று கேட்பவர்களுக்கு என் பதில் அதுதான்.

பெப்ரவரி 6

சாய்ந்தமருதுக் கடற்கரையில் முதல் படகு ஏறியது. ஸஹீத் காக்காவின் படகு. "என்ட போட்ட வெச்சுப் பாரு" என்று முதலில் முன்வந்தவர் அவர்தான். ஏறி முடிந்ததும், "ஓம், வேல செய்யுது" என்று மட்டும் சொன்னார். வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

பெப்ரவரி 13

முறிந்தது.

பதினோராவது படகு பாதி ஏறியபோது அச்சுத்தண்டு படக்கென்று போனது. கைப்பிடியை முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டிருந்த ஸஹீத் காக்கா முன்னால் விழுந்தார். இரும்புச் சட்டத்தில் கை அடிபட்டு வலது மணிக்கட்டு முறிவு. படகு வழுக்கித் தண்ணீருக்குள் போனது. பின்னால் யாரும் நிற்கவில்லை—அல்ஹம்துலில்லாஹ்.

"பொம்புளட மெசின் எண்டா இப்பிடித்தான்," யாரோ சொன்னது காதில் விழுந்தது. பதில் சொல்ல நேரமில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன்.

பெப்ரவரி 14

முறிந்த துண்டு மேசையில் இருக்கிறது. தண்டின் தடிப்பு மாறும் மூலை கத்தி மாதிரி. வெடிப்பு அங்கேதான் தொடங்கியிருக்கிறது. அந்த மூலையை வளைவாக விட வேண்டும் என்பது முதலாம் வருடப் பிள்ளைக்கும் தெரியும். கணினியில் வளைவு வைத்துத்தான் கணித்தேன். பட்டறைக்குக் கொடுத்த வரைபடத்தில்? எழுதவில்லை.

"நீ கீறித் தந்ததத்தானே நான் வெட்டின" என்றார் ஜவுபர் காக்கா. சரிதானே.

பிழை என்னுடையது. பெண் என்பதால் வந்த பிழை அல்ல, ஓர் அளவை எழுதாததால் வந்த பிழை.

பெப்ரவரி 17

ஆய்வேட்டு மேற்பார்வையாளர் அழகரெத்தினம் சேர் அழைத்தார். நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் சொல்கிறார். அதுதான் கஷ்டம்.

"கடற்கரைப் பரிசோதன வாற ஆறாம் அத்தியாயத்த எடுத்துவிடுங்க முஸ்பிறா. கணினி முடிவே போதும். ஜூன்ல விரிவுரையாளர் நேர்முகம் வருது. அதுக்கு முதல் பட்டம் கையில இருக்கோணும்."

"ஒராள்ட கை முறிஞ்சிருக்கு சேர்."

"அதாலதான் சொல்றன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? ஏன் அப்படிச் சொன்னேன்?

பெப்ரவரி 18

றாஸிக்கும் அதையே. "ஒரு அத்தியாயந்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஸஹீத் காக்காக்குத் தெரியும்."

"அவர் உன்ட புத்தகத்த வாசிக்கப் போறாரா?"

வாசிக்க மாட்டார். அதற்காக அவர் கை முறியவே இல்லை என்று ஆக்குவதா? நாளைக்கு வேறு யாராவது என் வரைபடத்தை எடுத்து, அதே மூலையை அதே மாதிரி வெட்டினால்? அந்த உத்தியோகத்துக்கு அஞ்சு வருஷமாக் காத்துக் கிடக்கிறன். எனக்கும் ஆசதான். எண்டாலும் ஏலாது. ஏலாது எண்டா ஏலாது.

பெப்ரவரி 20

ஸஹீத் காக்கா வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஸுல்பிகா ராத்தா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வரைபடத்தை விரித்து, எங்கே பிழைவிட்டேன் என்று இருவருக்கும் காட்டினேன்.

"படிச்ச ஆக்கள் பிழய எங்கட தலையிலதான் போடுவாங்க," ராத்தா சொன்னார். "நீ இத எழுதுவியா?"

"எழுதுவன். காக்காட கை முறிஞ்சதும் வரும்."

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "பேரோட எழுது."

பெப்ரவரி 21

சேருக்கு ஒரு வரி அனுப்பினேன். ஆறாம் அத்தியாயத்தை எடுக்க மாட்டேன்.

பெப்ரவரி 24

"அப்ப புதுசாச் செய்து, திரும்பப் பரிசோதிச்சு எழுதோணும். ஆறு மாசமாவது பிந்தும்" என்றார் சேர்.

பிந்தட்டும்.

மார்ச் 19

நோன்பு. தொண்டை காய்ந்தபடி பட்டறையில். புதுத் தண்டின் மூலையில் ஜவுபர் காக்கா விரலை வைத்து, "வளைவு காணுமா புள்ள?" என்று கேட்டார். அளந்து பார்த்தேன். போதாது என்றேன். வேறு துண்டு எடுத்து முதலிலிருந்து கடைந்தார். முணுமுணுக்கவில்லை.

ஏப்ரல் 22

பழைய படகில் மண்மூட்டை அடுக்கி, ஐந்து நாளில் இருநூறு தடவை இழுத்தாயிற்று. பாரம் பின்வாங்காமல் பிடிக்கும் கொக்கியையும் இடம் மாற்றியிருக்கிறேன். இனித் தண்டு முறிந்தாலும் படகு நிற்கும். கைப்பிடியில் வெளியாள் ஒருவரையும் விடவில்லை. நானும் றாஸிக்கும்தான். கேட்காமலே கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

தோள் இரண்டும் போய்விட்டன. தண்டில் ஒரு கீறல் இல்லை.

ஜூன் 26

உத்தியோகம் வேறொருவருக்கு. "அந்த ஒரு அத்தியாயத்தால" என்று உம்மா அழுதார். ஓம், அதால்தான்.

இன்று எழுத ஒன்றுமில்லை. பொய். நிறைய இருக்கிறது, எழுத மாட்டேன்.

செப்டம்பர் 18

வாய்மொழிப் பரீட்சை. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் மற்றதையெல்லாம் புரட்டிவிட்டு ஆறிலேயே நின்றார். முக்கால் மணித்தியாலம். இதை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டார். இதை எடுத்தால் ஏழாம் அத்தியாயத்துப் புது வடிவமைப்பு எங்கிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வேன் என்றேன்.

சின்னத் திருத்தங்கள். சித்தியடைந்தேன்.

வெளியே அழகரெத்தினம் சேர் என்னோடு படியிறங்கி வந்தார். பிறகு, "ஆறாம் அத்தியாயத்தில ஒரு பிரதி தாங்க. ரெண்டாம் வருஷப் பிள்ளையளுக்குக் குடுக்கோணும்" என்றார்.

நவம்பர் 9

கடல் கொந்தளிக்கும் என்று எச்சரிக்கையாம். எனக்கு யாரும் சொல்லவில்லை, கூப்பிடவுமில்லை. போன மாதம் வின்சை மீனவர் சங்கத்திடம் கொடுத்துவிட்டேன். மீன் வாங்கப் போன றாஸிக் வந்துதான் சொன்னார்: அஸர் தொழுகைக்கு முதல் பதினாலு படகும் மேலே. கைப்பிடியில் ஸஹீத் காக்கா.

"ஆர்ட மெசின் எண்டு சும்மா கேட்டுப் பார்த்தன். சங்கத்துட எண்டாங்க."

"என்ட பேரச் சொல்லல்லயா?"

"இல்ல."

சுருக்கென்றது. அவர் மீன் பையைக் குசினியில் வைத்துவிட்டு வந்து, "கட்டையான ஆக்கள்தான் எட்டி எட்டிச் சுத்துறாங்க" என்றார்.

கைப்பிடியின் உயரம் கூடிப்போயிற்று. வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தேன். நூறு மில்லிமீற்றர் குறைக்க வேண்டும்.